அயலாருக்காக ஒரு வழக்கு: கிரேக்கம், 1967–1970

ஏதென்ஸ் நகரின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் பின்புறம் ஒரு தெரு செல்கிறது. பூபுலினாஸ் தெரு. 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் சொந்தக் கப்பல்களைக் கொண்டு துருக்கியரோடு பொருத பூபுலினா என்ற பெண்மணியின் நினைவாக வைத்த பெயர். அருங்காட்சியகத்துக்குள்ளே மைசினியின் பொன் முகமூடியும், பழைய சிற்பிகள் கல்லிலும் வெண்கலத்திலும் வடித்த குறையற்ற மனித உடல்களும் இருக்கின்றன. பின்புறத் தெருவின் 18ஆம் எண் கட்டடத்தில் பாதுகாப்புக் காவல்துறை இயங்கியது. 1967க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே கொண்டுவரப்பட்டவர்களைப் பலகையில் கட்டிப்போட்டு உள்ளங்கால்களில் தடியாலும் குழாயாலும் அடித்தார்கள். வெளியே பெரிய காயம் தெரியாது, நடக்க மட்டும் முடியாது. கிரேக்கத்தில் இதை ஃபலாங்கா என்பார்கள். நம் ஊர்க் காவல்நிலையங்களில் 'லாடம் கட்டுதல்' என்று இதற்கொரு பெயர் உண்டு. ஒரு மொழியில் ஒரு செயலுக்குத் தனிச்சொல் இருக்குமானால் அச்செயல் அங்கே எவ்வளவு பழகிப்போனது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அலறல் தெருவுக்குக் கேட்காமலிருக்க மொட்டை மாடியில் மோட்டார் ஒன்றை ஓடவிட்டார்கள் என்று அங்கிருந்து மீண்டவர்கள் பிற்பாடு சாட்சி சொன்னார்கள்.

அரசுகள் தம் குடிமக்களை வதைப்பது வரலாற்றுக்குப் புதிதல்ல. இந்தக் கட்டடத்தின் கதையில் புதிது வேறொன்று. கிரேக்கத்தோடு எல்லையோ, இரத்த உறவோ, பழைய பகையோ இல்லாத நான்கு வடக்கு ஐரோப்பிய நாடுகள், கிரேக்கக் குடிமக்களுக்குக் கிரேக்க அரசு இழைத்ததற்காக அந்த அரசின்மீது முறைப்படி வழக்குத் தொடுத்தன. அந்த நான்கு அரசுகளும் தாமாகவே ஒருநாள் காலையில் மனசாட்சி விழித்து எழுந்து இதைச் செய்துவிடவில்லை. அவற்றை எழுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். இங்கே நான் ஐரோப்பிய மன்றம் என்று குறிப்பிடுவது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தை அல்ல. ஐரோப்பிய மன்றம் 1949 மே 5 அன்று லண்டனில் பத்து நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய அமைப்பு. அதன் இருக்கை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். கிரேக்கம் அதே ஆண்டு ஆகஸ்டில் அதில் சேர்ந்தது. ஹிட்லரின் வதைமுகாம்கள் மூடப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிழக்கே ஸ்டாலினின் ஆட்சி நின்றுகொண்டிருந்தது. இந்த இரண்டு அச்சங்களுக்கும் இடையில்தான் 1950 நவம்பர் 4 அன்று ரோமில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை கையெழுத்தானது. 1953 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் உறுப்பு ஒரே ஒரு வாக்கியம். யாரையும் சித்திரவதைக்கோ, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்தைக்கோ தண்டனைக்கோ உள்ளாக்கலாகாது என்பது அதன் சாரம். இதற்கு விதிவிலக்கே இல்லை. போர்க்காலத்தில்கூட இல்லை.

எழுதுவது எளிது. யார் போய் முறையிடுவது? உடன்படிக்கை இரண்டு வாசல்களை வைத்தது. ஒரு நாட்டின்மீது இன்னொரு நாடு மனித உரிமை ஆணையத்திடம் முறையிடலாம். தனிமனிதர் முறையிட வேண்டுமானால் அவரைத் துன்புறுத்திய அரசே அதற்கு முன்கூட்டி இசைவு தந்திருக்க வேண்டும். திருடனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா என்பதைப் போன்ற ஏற்பாடு. கிரேக்கம் அந்த இசைவைத் தரவில்லை. பிரிட்டன் 1966இல்தான் தந்தது. மனித உரிமைகளின் தாய்நாடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பிரான்ஸோ, அல்ஜீரியாவில் நடந்தவற்றை யாரும் கிளறிவிடுவார்களோ என்றோ என்னவோ, உடன்படிக்கையையே 1974 வரை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் பிரான்ஸில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இதன் சுவை கூடும்.

ஆக, எஞ்சியது முதல் வாசல். அதை முதன்முதலில் தட்டிய நாடு எது என்று பார்த்தால், அது கிரேக்கம்தான். 1956 மே மாதம், சைப்ரஸ் தீவில் பிரிட்டிஷ் ஆட்சி பிறப்பித்த அவசரச் சட்டங்கள், கசையடிகள், ஊருக்கே கூட்டாக விதித்த தண்டனைகள் ஆகியவற்றுக்காகக் கிரேக்கம் பிரிட்டன்மீது முறையிட்டது. மறு ஆண்டு 49 சித்திரவதைக் குற்றச்சாட்டுகளோடு இரண்டாவது முறையீடு. சைப்ரஸ் குறித்து 1959இல் அரசியல் உடன்பாடு ஏற்பட்டதும் கோப்புகள் மூடப்பட்டன. 1960இல் ஆஸ்திரியா இத்தாலிமீது முறையிட்டது. தெற்கு டைரோலில் வாழும் ஜெர்மன் மொழியினரான இளைஞர்கள்மீது நடந்த கொலை வழக்கு அதன் பொருள். இரண்டிலும் ஒரு பொதுமை உண்டு. முறையிட்ட நாடு தன் இனத்தாருக்காக முறையிட்டது.

வகுப்பில் வழக்குரை காதையை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. கண்ணகி தன் கணவனுக்காக வாயிலில் வந்து நின்றாள். கணவனை இழந்தவள் என்பதே அவளுக்கு வழக்காடும் தகுதியைத் தந்தது. கோவலனோடு எந்த உறவும் இல்லாத, மதுரையில் பால் விற்கும் ஒருத்தி அதே வாயிலில் நின்று நியாயம் கேட்டிருந்தால், வாயிலோன் உள்ளே போய் அரசனிடம் சொல்லியிருப்பானா? மாதரி தீயில் விழுந்து இறந்தாளே தவிர அரண்மனைக்குப் போகவில்லை. அயலாருக்காக வழக்குரைக்கும் உரிமை என்பது மனித வரலாற்றில் மிகப் பிந்தி வந்தது. 1967இல் அது ஐரோப்பாவில் நிகழ்ந்தது.

1967 ஏப்ரல் 21 விடியற்காலை ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகள் வந்தன. மே 28 அன்று பொதுத்தேர்தல் நடக்கவிருந்தது. அதைத் தடுக்க, ஜார்ஜ் பாப்பதோபூலோஸ் தலைமையிலான நடுத்தர அதிகாரிகள், வரலாற்றில் 'கர்னல்கள்' என்றே பெயர் பெற்றுவிட்டவர்கள், ஆட்சியைக் கைப்பற்றினார்கள். சில நாட்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலர் யாரோஸ் என்ற வறண்ட தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். கவிஞர் யானிஸ் ரிட்ஸோஸ் அவர்களுள் ஒருவர். பின்னர் லெரோஸ் தீவு, அதன்பின் சாமோஸில் வீட்டுக்காவல் என்று அவருடைய தடுப்புவாசம் தொடர்ந்தது. ஜூன் 1 அன்று இராணுவத்தின் 13ஆம் எண் ஆணை மிக்கிஸ் தியோடராக்கிஸின் இசையைத் தடைசெய்தது. பாடுவது மட்டுமல்ல, கேட்பதும் குற்றம். கோஸ்டா-கவ்ராஸின் 'இசட்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் இறுதியில் வரும் தடைப் பட்டியல் நினைவிருக்கலாம். அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர் வஸிலிஸ் வஸிலிகோஸ்.

பாப்பதோபூலோஸுக்கு ஓர் உவமை மிகவும் பிடிக்கும். கிரேக்கம் ஒரு நோயாளி, அதைக் கட்டிலில் கட்டி மாவுக்கட்டுப் போட்டிருக்கிறோம், குணமானதும் அவிழ்த்துவிடுவோம் என்பார். (இன்று தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் ஒருவருக்கு மாவுக்கட்டு என்றவுடன் காவல்நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்தவர்களின் படங்கள்தான் நினைவுக்கு வரும். உவமைகளும் ஊர்விட்டு ஊர் வருகின்றன.)

கர்னல்கள் சட்டம் அறியாதவர்கள் அல்லர். நாட்டின் உயிருக்கே ஆபத்தான நெருக்கடி வந்தால் உடன்படிக்கையின் சில கடமைகளை நிறுத்திவைக்கலாம் என்று 15ஆம் உறுப்பு சொல்கிறது. அதைக் காட்டி மே 3 அன்று ஐரோப்பிய மன்றத்தின் பொதுச்செயலாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். கடிதம் கோப்பில் சேர்ந்தது. பெரிய அரசுகள் மௌனமாக இருந்தன. கிரேக்கம் நேட்டோவின் உறுப்பினர், சோவியத் குழுவின் விளிம்பில் நிற்கும் நாடு. அதன் துறைமுகங்கள் அமெரிக்காவின் ஆறாவது கடற்படைக்கு வேண்டும். சைப்ரஸில் நடந்ததற்காகக் கிரேக்கத்திடம் குற்றக்கூண்டில் நின்ற பிரிட்டனுக்கும் முறையிடும் எண்ணம் இல்லை. 1968இல் பிரதமர் ஹெரால்டு வில்சன் நாடாளுமன்றத்தில் கர்னல்களின் செயல்களை 'மிருகத்தனங்கள்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். ஏதென்ஸ் கொதித்தது, ஆயுத வணிகம் கெட்டுவிடுமே என்று லண்டனில் கவலை எழுந்தது. ஒரு பெருநாட்டின் அறச்சீற்றம் அந்த ஒரு சொல்லோடு நின்றது.

அரசுகள் அசையாதபோது அசைந்தவர்கள் யார்? முதலில் ஐரோப்பிய மன்றத்தின் ஆலோசனைப் பேரவை. பெயரே சொல்வதுபோல அதற்கு ஆலோசனை கூறுவதைத் தவிர அதிகாரம் எதுவும் கிடையாது. உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களிலிருந்து வந்து கூடும் சபை அது. 1967 ஜூன் 23 அன்று அதன் நிலைக்குழு 346ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அரசுகள், தனித்தனியாகவோ சேர்ந்தோ, கிரேக்க விவகாரத்தை ஆணையத்தின்முன் கொண்டுசெல்ல வேண்டும் என்ற விருப்பத்தை அது தெரிவித்தது. விருப்பம் மட்டுமே. ஆனால் அந்த விருப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு உறுப்பினர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அங்கே கிரேக்கத்தை விட்டு வெளியேறியவர்கள் ஏற்கெனவே கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். நடிகை மெலினா மெர்கூரியின் குடியுரிமையை அந்த ஜூலையில் கர்னல்கள் பறித்தார்கள். அதுவரை நடிகையாக மட்டும் அறியப்பட்டிருந்தவரை ஐரோப்பாவெங்கும் பேசும் அரசியல் குரலாக ஆக்கியது அந்த ஆணைதான் என்று சொல்லலாம்.

செப்டம்பர் 20 அன்று டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஒரே உள்ளடக்கத்தோடு முறையிட்டன. ஒரு வாரம் கழித்து, 27 அன்று, தன் நாடாளுமன்றத்தின் அழுத்தத்தால் நெதர்லாந்தும் சேர்ந்துகொண்டது. இடதுசாரி அரசுகளின் வேலை என்று இதைத் தள்ளிவிட ஏதென்ஸ் முயன்றது. உண்மை அப்படியில்லை. நார்வேயில் அப்போது ஆண்டது வலது-மையக் கூட்டணி. டென்மார்க்கில் 1968 தொடக்கத்தில் சமூக ஜனநாயகக் கட்சி தோற்று வேறு கூட்டணி வந்த பிறகும் வழக்கு கைவிடப்படவில்லை. ஆளும் கட்சி மாறியும் நிலைப்பாடு மாறவில்லை என்றால், அந்த நிலைப்பாட்டின் வேர் அமைச்சரவையில் இல்லை, தெருவிலும் பத்திரிகையிலும் நாடாளுமன்றப் பின்வரிசையிலும் இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த முதல் முறையீட்டில் சித்திரவதை என்ற சொல் இடம்பெறவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, இராணுவ நீதிமன்றங்கள் போன்றவையே அதன் பொருள். மூன்றாம் உறுப்பைச் சேர்ப்பதற்கான ஆதாரத்தை எந்த அரசின் தூதரகமும் தரவில்லை. அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற சிறிய அமைப்பு, 1967 டிசம்பர் கடைசியில் இரண்டு வழக்கறிஞர்களை ஏதென்ஸுக்கு அனுப்பியது. ஒருவர் நியூரம்பர்க் விசாரணையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஆன்டனி மரெக்கோ. மற்றவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பெக்கெட். கிறிஸ்துமஸ் பொதுமன்னிப்பில் விடுதலையானவர்களையும் சிறைப்பட்டோரின் உறவினர்களையும் தேடிப்போய் அவர்கள் பேசினார்கள். 1968 ஜனவரி இறுதியில் அறிக்கை வெளியாயிற்று. சித்திரவதை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கவில்லை, திட்டமிட்ட நடைமுறையாக இருக்கிறது என்று அது கூறியது. மார்ச் மாதம் ஸ்காண்டிநேவிய நாடுகள் தம் முறையீட்டில் மூன்றாம் உறுப்பைச் சேர்த்தன. நாலு வாரப் பயணமும் சில குறிப்பேடுகளும் நான்கு அரசுகளின் வழக்கைத் திசைதிருப்பின. அரசுகளுக்கு அறிவுரை கூறுவதைக் காட்டிலும் அவற்றின் கையில் மறுக்கமுடியாத தாளைக் கொடுப்பது பலனளிக்கும் என்பதை நான் அறிந்தது இந்த இடத்தில்தான்.

கிரேக்கத் தரப்பின் வாதம் பழகிய வாதம். இது உள்நாட்டு விவகாரம்; புரட்சி தன் சட்டத்தைத் தானே உண்டாக்குகிறது; பாதிக்கப்பட்டவர்கள் முதலில் கிரேக்க நீதிமன்றங்களுக்குப் போயிருக்க வேண்டும். கடைசி வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஆணையம் 1968 மே 31 அன்று அளித்த முடிவில், சித்திரவதை அதிகாரிகளால் பொறுத்துக்கொள்ளப்படும் ஒரு நிர்வாக நடைமுறையாக இருப்பதற்கான முகாந்திரம் இருக்கையில் அந்த நிபந்தனை பொருந்தாது என்றது. அடிப்பவனிடமே போய் முதலில் மனுக்கொடு என்று அடிபட்டவனிடம் சொல்லமுடியாது என்பதைச் சட்டமொழியில் சொன்னார்கள். இந்த ஒரு வரி பிற்காலத்தில் எத்தனையோ வழக்குகளில் எடுத்தாளப்பட்டது.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் பின்னர் ஏதென்ஸிலுமாக 88 சாட்சிகள். சாட்சி சொன்னவர்களில் பெரிக்லிஸ் கொரொவேஸிஸ், கிட்டி ஆர்செனி இருவரும் நாடகமேடையிலிருந்து வந்தவர்கள், இருவரும் தாம் பட்டதைப் பின்னர் நூலாக எழுதினார்கள். ஆர்செனி தன் நூலுக்கு வைத்த தலைப்பு அந்தக் கட்டடத்தின் முகவரிதான்: பூபுலினாஸ் 18. கொரொவேஸிஸின் நூல் புலம்பெயர்ந்த வாழ்வில் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்றது.

1968 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் தயங்குவார். சித்திரவதை நடக்கவில்லை என்று சொல்வதற்காகக் கிரேக்க அரசே ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு அழைத்துவந்த சாட்சிகளில் இருவர் காவலர்களை ஏமாற்றிவிட்டு எதிர்த்தரப்பான ஸ்காண்டிநேவியரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பொய் சொல்லும்படி மிரட்டி அழைத்துவரப்பட்டோம் என்றார்கள். அவர்களில் ஒருவர் பிறகு மனம் மாறி, தன்னைக் கடத்திவிட்டார்கள் என்று சொல்லிக் கிரேக்கத் தரப்புக்கே திரும்பிப்போனார். மற்றவர் சாட்சி சொன்னார். திரும்பிப்போனவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஊரில் விட்டுவந்தவர்களின் முகங்கள் அந்த இரவுகளில் அவருக்குத் தோன்றியிருக்கும். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1969 மார்ச்சில் ஆணையத்தின் துணைக்குழு ஏதென்ஸுக்கே சென்றது. பூபுலினாஸ் தெருக் கட்டடத்துக்குள் போய், சாட்சிகள் சொன்ன அறைகளையும் மாடியையும் நேரில் பார்த்தது. லெரோஸ் தீவு முகாமையும் அவெரொஃப் சிறையையும் பார்க்கக் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. அத்தோடு குழு பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பியது. அதே மாதம் 28ஆம் நாள், நோபல் பரிசு பெற்ற கவிஞர் யார்கோஸ் செஃபெரிஸ் தன் இரண்டாண்டு மௌனத்தைக் கலைத்தார். பிபிசி வானொலியின் கிரேக்க ஒலிபரப்பில் அவருடைய சிறிய அறிக்கை வெளியானது. அரசியல் சார்பு எதுவும் தனக்கு இல்லை என்று கூறி, இந்த ஆட்சி முடிவுக்கு வரவேண்டும் என்று அவர் சொன்னார். செஃபெரிஸ் நெடுங்காலம் தூதராகப் பணியாற்றியவர், சொற்களை எடைபோட்டுப் பேசிப் பழகியவர். அதனால்தான் அந்தச் சொற்களுக்கு எடை இருந்தது. 1971 செப்டம்பரில் அவர் இறந்தபோது, இறுதி ஊர்வலத்தில் சென்ற பெருங்கூட்டம், தியோடராக்கிஸ் இசையமைத்த அவருடைய பாடலைத் தடையை மீறிப் பாடிக்கொண்டு போயிற்று.

ஆணையத்தின் அறிக்கை 1969 நவம்பரில் முடிந்தது. ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேல். நாட்டின் உயிருக்கு ஆபத்தான நெருக்கடி எதுவும் ஏப்ரல் 1967இல் இருக்கவில்லை என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். ஒரு அரசு 'நெருக்கடி' என்று சொன்னால் அதைப் பிறர் ஆராயலாமா என்ற கேள்விக்கு ஆராயலாம் என்று விடை கிடைத்தது. 1975இல் நம் நாட்டில் ஓர் இரவில் அறிவித்த நெருக்கடியை அனுபவித்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். விரிவாக ஆராய முடிந்த 30 சித்திரவதைப் புகார்களில் 11 ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டன. பதினொன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். மற்றவை பொய் என்பதல்ல இதன் பொருள். பார்க்கவிடாத சிறைகளையும் வரவிடாத சாட்சிகளையும் தாண்டி, ஒரு நீதிமன்றத்துக்குரிய கறாரான அளவுகோலில் நின்றவை பதினொன்று. பெருக்கிச் சொல்லும் ஆசைக்கு இடங்கொடாத இந்தக் கஞ்சத்தனமே அறிக்கையின் பலம் என்பது என் எண்ணம்.

இரகசியமாக இருக்கவேண்டிய அறிக்கை பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பேரவையின் சார்பில் கிரேக்கத்தை ஆராய்ந்துவந்த டச்சுக்காரர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல், நாட்டுக்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டும் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1969 ஜனவரியிலேயே கிரேக்கத்தை நீக்கும்படி பேரவை அமைச்சர்களைக் கேட்டிருந்தது. அமைச்சர்கள் மே மாதம் லண்டனில் கூடி டிசம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 12 அன்று பாரிஸில் கூடினார்கள். தள்ளிவைக்க இனி நாள் இல்லை, வாக்கெடுப்பு எப்படி முடியும் என்பதும் தெரிந்துவிட்டது. கிரேக்க வெளியுறவு அமைச்சர் பனயோடிஸ் பிபினெலிஸ் எழுந்தார். கிரேக்கம் ஐரோப்பிய மன்றத்திலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு அறையைவிட்டு வெளியேறினார். உடன்படிக்கையையும் கைவிட்டார்கள். தலைகுனிந்து நிற்பதைவிட வெளிநடப்பு மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1970 ஏப்ரல் 15 அன்று அமைச்சர்கள் குழு அறிக்கையை ஏற்று வெளியிட்டது.

இதனால் கர்னல்கள் வீழ்ந்தார்களா? இல்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. நேட்டோவில் அவர்களுடைய நாற்காலி அப்படியே இருந்தது. 1970 செப்டம்பரில் அமெரிக்கா நிறுத்திவைத்திருந்த கனரக ஆயுத விநியோகத்தை மீண்டும் தொடங்கியது. பூபுலினாஸ் தெருவில் குறைந்த வதை இராணுவக் காவல்படையின் விசாரணைக் கூடங்களுக்கு இடம்பெயர்ந்தது. 1973 நவம்பர் 17 அதிகாலை, அதே அருங்காட்சியகத்தின் அடுத்த வளாகமான பாலிடெக்னிக் கல்லூரியின் வாயிற்கதவை ஒரு டாங்கி இடித்துத் தள்ளி உள்ளே புகுந்தது. பொன் முகமூடி, வதைக்கூடம், மாணவர் முற்றுகை மூன்றையும் ஐந்து நிமிட நடையில் சுற்றிவந்துவிடலாம். 1974 ஜூலையில் சைப்ரஸில் ஓர் ஆட்சிக்கவிழ்ப்பை நடத்தப்போய், துருக்கியப் படையெடுப்பை வரவழைத்துக்கொண்டுதான் சர்வாதிகாரம் சரிந்தது. நவம்பர் 28 அன்று கிரேக்கம் ஐரோப்பிய மன்றத்துக்குத் திரும்பியது, உடன்படிக்கையை அன்றே மீண்டும் ஏற்றது.

அப்படியானால் வழக்கினால் என்ன விளைந்தது என்று கேட்பவர்களுக்கு 1975ஐச் சுட்டுவேன். அந்த ஆண்டு கிரேக்கம் தன் சித்திரவதையாளர்களைத் தன் நீதிமன்றத்திலேயே நிறுத்தியது. சாதாரணக் கிராமத்து இளைஞர்களை அடித்து அடித்தே அடிப்பவர்களாக மாற்றிய பயிற்சிமுறை அங்கே வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சித்திரவதைக்கு எதிரான பிரகடனத்தை ஏற்றது. அதன் பின்னணியில் ஆம்னஸ்டியின் பிரசாரமும், ஸ்வீடன், நெதர்லாந்து அரசுகளின் முனைப்பும் இருந்தன. 1984இல் அது முழு உடன்படிக்கையாயிற்று. இந்தியா அதில் 1997இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை.

மூன்றாம் உறுப்பு நம்மவர்களின் வாழ்க்கையையும் தொட்டது. பிரிட்டனில் தஞ்சம் மறுக்கப்பட்டு 1988இல் கொழும்புக்குத் திருப்பியனுப்பப்பட்ட ஐந்து இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திரும்பிய பின் துன்புறுத்தப்பட்டதாகச் சிலர் கூறியும், மூன்றாம் உறுப்பு மீறப்படவில்லை என்று 1991இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2008 ஜூலையில் இன்னொரு தமிழரின் வழக்கில், அவரைத் திருப்பியனுப்பினால் அவ்வுறுப்பு மீறப்படும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் பதினேழு ஆண்டுகள். பூபுலினாஸ் தெருவின் அந்தப் பதினொரு புகார்களில் தொடங்கிய சட்டமரபு ஊர்ந்துதான் வந்தது.

1967க்குப் பின் அயலாருக்காக அரசுகள் அந்த வாசலைத் தட்டியது அரிது. 1982இல் துருக்கியின் இராணுவ ஆட்சிமீது பிரான்ஸும் சேர்ந்து ஐந்து நாடுகள் முறையிட்டன, 1985இல் அது சமரசத்தில் முடிந்தது. 1998 முதல் தனிமனிதர் நேரே நீதிமன்றத்தை அணுகும் உரிமை எல்லா உறுப்பு நாடுகளிலும் கட்டாயமானது, பழைய ஆணையம் கலைந்தது. 2022 மார்ச்சில் உக்ரைன் படையெடுப்புக்காக ரஷ்யா நீக்கப்பட்டது. அப்போதும் கிரேக்கத்தைப் போலவே, முந்தைய நாளே விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டிருந்தது ரஷ்யா.

2025 மே மாதம் ஒன்பது ஐரோப்பிய அரசுகள் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டன. வெளிநாட்டவரை நாடுகடத்துவது தொடர்பான வழக்குகளில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் உடன்படிக்கைக்கு மிகையாகப் பொருள் விரிக்கிறது, அரசுகளின் கையைக் கட்டுகிறது என்பது அவற்றின் குறை. கடிதத்தை முன்னின்று எழுதிய இரண்டு நாடுகளில் ஒன்று இத்தாலி. மற்றது டென்மார்க். ஐரோப்பிய மன்றத்தின் பொதுச்செயலாளர் அலன் பெர்ஸே, நீதிமன்றத்தை அரசுகளுக்கு எதிராகவோ அரசுகளின் கையிலோ ஓர் ஆயுதமாக ஆக்கக்கூடாது என்று பதில் சொன்னார். 1967 மே 3 அன்று கர்னல்களின் கடிதம் வந்து சேர்ந்ததும், அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று டென்மார்க்கின் முறையீடு வந்து சேர்ந்ததும் அவர் இப்போது வகிக்கும் அதே பதவியின் மேசைக்குத்தான்.